காடும் ஊரும் சேர்ந்து பிழைக்க: பயன்பாட்டு ஒப்பந்தம் போடுவது எப்படி

காட்டை ஒட்டிய ஊருக்குப் பள்ளிக்கூடமும் சாலையும் போட்டுக் கொடுத்தால் வேட்டையும் மரம்வெட்டும் தானாகக் குறையும் என்று நம்பி, 1980களிலும் 1990களிலும் பல நாடுகளில் ஏராளமான பணம் செலவிடப்பட்டது. பள்ளிக்கூடம் வந்தது. ஆனால் பல இடங்களில் வேட்டை நிற்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் காட்டின் நிலைமைக்கும் தொடர்பே இல்லை என்பதுதான் காரணம். காடு அழிந்தாலும் கட்டிடம் நிற்கும். காட்டைக் காத்ததற்காக இன்னொரு வகுப்பறை வரப்போவதில்லை. போதாததற்கு, கட்டுப்பாட்டால் நட்டப்படுகிறவர் ஒருவர், பலன் பெறுகிறவர் வேறொருவர்.

ஆகவே எந்தத் திட்டத்தைக் கையில் எடுத்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். கிடைக்கப்போகும் பலன், அந்தக் காடோ கடலோ நன்றாக இருப்பதைப் பொறுத்ததா? அந்தப் பலன் இழப்பவர் கைக்குப் போய்ச் சேருகிறதா? இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்று பதில் வர உதவும் கருவி பயன்பாட்டு ஒப்பந்தம். எதை, யார், எப்போது, எவ்வளவு எடுக்கலாம், எங்கே கைவைக்கக் கூடாது, வரும் பணம் எப்படிப் பிரியும் என்று ஊரும், நிலத்தை நிர்வகிக்கும் துறையும் கையெழுத்திட்டுக்கொள்வது. அதைத் தயாரிக்க ஒரு முழு ஆண்டு ஒதுக்குங்கள். எல்லாப் பருவங்களையும் பார்க்காமல் எழுதும் விதி, பார்க்காத பருவத்தில்தான் உடையும்.

யாருக்கு நட்டம் என்பதிலிருந்து தொடங்குங்கள்

பெரிய கூட்டம் போட்டு ‘காட்டிலிருந்து என்ன எடுக்கிறீர்கள்?’ என்று கேட்டால் வருகிற பதில், பேசத் தெரிந்த நான்கு பேரின் பதில். விறகு சுமப்பவர்கள், ஆடுமாடு மேய்ப்பவர்கள், தேன் எடுப்பவர்கள், நிலமில்லாதவர்கள், பெண்கள் என்று தனித்தனியே, அவரவர் வேலை முடிந்த நேரத்தில், அவரவர் இடத்திலேயே உட்கார்ந்து பேசுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஆறு தகவல் வேண்டும்: எடுப்பவர் யார், எந்த மாதங்களில், எந்த இடத்தில், எவ்வளவு, வீட்டுக்கா விற்பனைக்கா, அது கிடைக்காவிட்டால் என்ன செய்வார்.

அளவை மட்டும் வாய்வார்த்தையில் வாங்காதீர்கள். விறகு என்றால், ஊருக்குள் வரும் பாதைகளில் தொங்கு தராசுடன் ஒரு வாரம் நின்று கட்டுகளை எடை போடுங்கள். மழைக்காலத்தில் ஒரு வாரம், வெயில் காலத்தில் ஒரு வாரம். எடை போடுபவர் சீருடைக்காரராக இருந்தால் கட்டுகள் வேறு பாதையில் போய்விடும். ஊர்ப் பிள்ளைகளே போடட்டும்.

பட்டியலில் அடிக்கடி விடுபடுபவர்கள் இரண்டு வகை. ஒன்று, ஆண்டுக்கு இரண்டு மாதம் மட்டும் மந்தையோடு வந்துபோகும் வெளியூர் மேய்ப்பர்கள். அவர்களிடம் கேட்காமல் மேய்ச்சலை மூடினால், வந்த முதல் நாளே விதி உடையும். ‘அவர்கள் மேய்க்கிறார்கள், நாங்கள் மட்டும் ஏன் கூடாது’ என்று உள்ளூரும் உடைக்கும். இன்னொன்று, காட்டின் ஓரத்தில் வயல் வைத்திருப்பவர்கள். விலங்குகளால் வரும் பயிர்ச்சேதம் ஊர் முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை. பெரும்பகுதி காட்டு விளிம்பிலிருந்து சில நூறு மீட்டருக்குள் விழுகிறது. உகாண்டாவின் கிபாலே காட்டோரத்தில் நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. வீட்டுக்கு வீடு சமமாகப் பங்கு பிரிப்பது பார்க்க நியாயமாக இருக்கும். ஆனால் யானையிடம் வயலைப் பறிகொடுத்தவரும் சாலையோரக் கடைக்காரரும் ஒரே தொகை வாங்கினால், முதலாமவர் காட்டுக்கு எதிரியாகவே இருப்பார்.

உரிமையும் எல்லையும்

வெளியாளைத் தடுக்க ஊருக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஊர் கட்டுப்பட்டு விட்டுவைத்ததை அடுத்தவர் அள்ளிக்கொண்டு போவார். இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குச் சமூக வன வள உரிமை தருகிறது. நேபாளத்தில் 1993ஆம் ஆண்டின் வனச் சட்டம் பயனாளர் குழுக்களுக்குக் காட்டை ஒப்படைக்க வழி செய்தது. நமீபியா 1996இல் சட்டத்தைத் திருத்தி, ஊர்கள் தங்கள் நிலத்தில் காட்டுயிர்க் காப்பகங்களைப் பதிவுசெய்துகொள்ள இடம் கொடுத்தது. பதிவுக்கு நமீபியா கேட்பவை ஐந்து: தெளிவான எல்லை, உறுப்பினர் பட்டியல், உறுப்பினர்கள் சார்பில் செயல்படும் குழு, எழுதிய சட்டதிட்டம், பலனைப் பங்கிடும் முறை. எந்த நாட்டில் இருந்தாலும் இந்த ஐந்தும் கையில் இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

எல்லையை மேசையில் வரைய வேண்டாம். பக்கத்து ஊர்க்காரர்களையும் அழைத்துக்கொண்டு நடந்து, கைபேசி ஜிபிஎஸ்ஸில் புள்ளிகளைப் பதியுங்கள். ஓடை, பாறை, பழைய பாதை போன்ற கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களையே எல்லையாக வையுங்கள். அவை இல்லாத இடத்தில் மரத்தில் பெயின்ட் வளையம். ஒப்புக்கொண்ட இரு ஊரும் வரைபடத்தில் கையெழுத்திட வேண்டும்.

உள்ளே மூன்று பகுதி போதும்: கைவைக்கக் கூடாத இடம், விதிப்படி எடுக்கும் இடம், வழக்கம்போலப் புழங்கும் இடம். கைவைக்கக் கூடாத இடமாக ஊற்றுக்கண், மீன் முட்டையிடும் இடம், பறவைகள் கூடு கட்டும் தோப்பு, விதை தரும் தாய்மரங்கள் உள்ள பகுதி ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். ஊர் அதிகம் நம்பியிருக்கும் விறகுச் சரிவை எடுத்த எடுப்பிலேயே மூடினால் ஒப்பந்தம் அந்த வாரமே செத்துவிடும். சிறியதாகத் தொடங்கி, பலன் தெரிந்த பிறகு ஊரே விரிவாக்கட்டும். உகாண்டாவின் ப்விண்டி தேசியப் பூங்காவில் 1990களில் எதிர்த்திசையில் வேலை நடந்தது: முழுதும் மூடிய காட்டின் விளிம்பில் சில பகுதிகளைத் திறந்து, தேன்பெட்டி வைக்கவும் மூலிகையும் கூடை முடையும் கொடியும் எடுக்கவும் குறிப்பிட்ட ஆட்களுக்கு அனுமதி கொடுத்தார்கள்.

சம்மதம் பற்றி ஒரு வார்த்தை. 2007ஆம் ஆண்டின் ஐ.நா. பழங்குடியினர் உரிமைப் பிரகடனம் கேட்பது, கட்டாயமில்லாத, முன்கூட்டிய, விவரம் தெரிந்த சம்மதம். நடைமுறையில் இதன் பொருள், ‘வேண்டாம்’ என்று சொல்ல ஊருக்கு உண்மையிலேயே இடம் இருக்க வேண்டும் என்பது. கூட்டத்துக்கு வந்ததற்கு வாங்கிய கையெழுத்தைச் சம்மதமாகக் காட்டும் பழக்கம் பரவலாக இருக்கிறது. வருகைப் பதிவேடு தனி, தீர்மானப் புத்தகம் தனி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு எடுக்கலாம்

எந்தப் பாகத்தை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே ஆபத்து. இலையும் காயும் எடுத்தால் மரம் பிழைக்கும், ஆனால் அளவு மீறினால் கன்று வராது. பட்டை எடுத்தால் மரமே சாகலாம். கிழங்கும் வேரும் எடுத்தால் அந்தச் செடி அத்தோடு முடிந்தது. ஆகவே விதை உதிர்ந்த பிறகுதான் தோண்ட வேண்டும், ஒரு பகுதிச் செடிகளைத் தொடாமல் விட வேண்டும்.

பட்டைக்கு நல்ல பாடம் ஆப்பிரிக்காவின் ப்ரூனஸ் ஆப்பிரிக்கானா மரம். ஆண்களின் புராஸ்டேட் வீக்கத்துக்கான மருந்துக்காக இதன் பட்டை ஏற்றுமதியாகிறது. சுற்றிலும் உரித்தால், இலையில் உருவான உணவு வேருக்கு இறங்கும் வழி அறுந்து மரம் காய்ந்துவிடும். அதனால் வந்த விதி: மார்பளவு உயரத்தில் 30 சென்டிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள மரத்தில் மட்டும், எதிரெதிரான இரண்டு கால்பங்குகளில் உரிக்க வேண்டும், மீதி இரண்டு பங்கைப் பல ஆண்டுகள் விட்டுவைத்து, உரித்த பக்கம் மூடிய பிறகே தொட வேண்டும். கத்தி உள்ளே கட்டைவரை இறங்கி வளர்திசுவைக் கீறினால் பட்டை திரும்ப வளராது. விதி எவ்வளவு நன்றாக இருந்தாலும், கூலியை எடைக்குக் கொடுத்தால் ஆள் நான்கு பக்கமும் உரிப்பான். இங்கே விதியும் கூலிமுறையும் சேர்ந்தே மாற வேண்டும்.

காய்க்கு, கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் சோளகர் பழங்குடியினர் நெல்லி எடுப்பதைப் பாருங்கள். நெல்லி குறைந்ததற்குக் காய் பறிப்பதுதான் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் மரத்தைக் கொல்லும் புல்லுருவியும், கன்று எழும்பவிடாத உன்னிச்செடியும் அதைவிடப் பெரிய அடி என்று ஆய்வுகள் காட்டின. காட்டில் தீ வைப்பதை அறவே நிறுத்தியதால்தான் புல்லுருவி பெருகியது என்பது சோளகர்களின் கணிப்பு. நெல்லி பறிக்க வருபவரே புல்லுருவி பிடித்த கிளையை வெட்டிவிட்டுப் போக முடியும். ஆகவே ‘யாரும் உள்ளே போகாதே’ என்ற தடை, மரத்தைக் கவனிக்கும் ஒரே ஆளையும் வெளியே நிறுத்திவிடக்கூடும். தடை போடுவதற்கு முன், குறைவுக்கு வேறு காரணங்கள் உண்டா என்று கணக்கெடுங்கள்.

அதைக் கணக்கெடுக்க விஞ்ஞானி தேவையில்லை. எடுக்கும் பகுதியில் பத்து இடங்களில் 10 × 10 மீட்டர் கட்டம் கயிறு கட்டிப் பெரிய மரங்களை எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் 5 × 5 மீட்டரில் இளமரங்களையும், 1 × 1 மீட்டரில் முளைத்த கன்றுகளையும் எண்ணுங்கள். கன்று நிறைய, இளமரம் கொஞ்சம், பெரிய மரம் அதைவிடக் கொஞ்சம் என்று வந்தால் நல்லது. பெரிய மரம் இருக்கிறது, கன்றே இல்லை என்றால் காய் அளவுக்கு மீறிப் போகிறது, அல்லது விதை பரப்பும் விலங்கு இல்லை. கன்று இருக்கிறது, இளமரம் இல்லை என்றால் மேய்ச்சலோ தீயோ களையோ காரணம். காய் பறிப்பதைக் குறைத்தால் ஒன்றும் நடக்காது.

கடலில் பருவ மூடல் எளிதில் பிடிபடும் முறை. மடகாஸ்கரின் ஆந்தாவடுவாக்கா கிராமத்தில் 2004இல் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) பிடிக்கும் திட்டுகளில் ஒன்றைச் சில மாதங்கள் மூடினார்கள். பேய்க்கணவாய் வேகமாக வளரும், ஆயுளும் குறைவு. ஆகவே குறுகிய மூடலின் பலனே எடையில் தெரிந்தது. அதைப் பார்த்து மற்ற ஊர்களும் பின்பற்றின. மெதுவாக வளரும் மீனிடம் இதே பலனை மூன்று மாதத்தில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மூடலில் கெட்டுப்போகும் இடம் திறக்கும் நாள்: சுற்றுவட்டாரமே திட்டில் இறங்கி, சேர்த்ததையெல்லாம் இரண்டு நாளில் வாரிவிடும். பக்கத்து ஊர்கள் ஒரே நாளில் திறப்பது, யார் இறங்கலாம் என்ற பட்டியல், இறங்கும் நேரம், வாங்க வரும் வியாபாரியிடம் முன்பே பேசிய விலை ஆகியவை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

விதி எழுதும்போது ஒரே சோதனை: மீறியதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியுமா? ‘மரத்துக்கு 20 சதவீதக் காயை விட வேண்டும்’ என்பதை யாரும் எண்ணிப் பார்க்க முடியாது. ‘கிளை ஒடிக்கக் கூடாது’, ‘இந்தத் தேதிக்கு முன் பறிக்கக் கூடாது’, ‘ஏணிக்கு எட்டாத உச்சியைத் தொடக் கூடாது’, ‘அரிவாள் எடுத்துப் போகக் கூடாது, உலர்ந்த சுள்ளி மட்டும்’ ஆகியவற்றை எண்ணவே வேண்டாம், பார்த்தாலே தெரியும். மொத்தம் ஏழெட்டு விதிக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் யாருக்கும் நினைவில் நிற்காது.

பணம்

மேற்கு வங்கத்தின் ஆராபாரியில், அழிந்துபோயிருந்த குங்கிலியக் காட்டை 1972இலிருந்து 11 ஊர்களைச் சேர்ந்த 618 குடும்பங்கள் காத்தன. விளைச்சலில் 25 சதவீதம் அவர்களுக்கு என்பது பேச்சு. காடு மீளாவிட்டால் பங்கும் இல்லை. முதலில் சொன்ன தொடர்பு இதுதான். நேபாளத்தில் சமூக வனக் குழுக்கள் வருமானத்தில் குறைந்தது 25 சதவீதத்தைக் காட்டுக்கே திருப்பிச் செலவிட வேண்டும்; தேசியப் பூங்கா வருவாயில் 30 முதல் 50 சதவீதம் வரை சுற்றியுள்ள இடையகப் பகுதி மக்களுக்குப் போகலாம். உகாண்டாவில் பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 20 சதவீதம் பக்கத்து ஊர்களுக்கு.

உங்கள் நிதியை இப்படிப் பிரித்துத் தொடங்கலாம்: கால்பங்கு காட்டு வேலைக்கும் காவலுக்கும், கால்பங்கு விலங்குச் சேத ஈட்டுக்கு, கால்பங்கு கட்டுப்பாட்டால் நேரடியாக இழக்கும் குடும்பங்களுக்கு, மீதி ஊர்ப் பொதுவுக்கு. பங்கைக் கூட்டலாம், குறைக்கலாம். மூன்றாவதை மட்டும் பொதுவில் கரைக்கக் கூடாது. தனி வங்கிக் கணக்கு, மூன்று பேர் கையெழுத்தில் எவரேனும் இருவர், அந்த மூவரில் ஒருவராவது பெண். மூன்று மாதத்துக்கொரு முறை வரவுசெலவைப் பொதுச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்; படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கூட்டத்தில் வாசியுங்கள்.

மாற்றுத் தொழில் என்ற பெயரில் கோழியும் தையல் எந்திரமும் கொடுப்பதில் ஒரு பொறி இருக்கிறது. புது வருமானம் பழையதன் இடத்தைப் பிடிப்பதில்லை. பெரும்பாலும் அதோடு சேர்ந்துகொள்கிறது. தையல் வருமானத்தில் இன்னும் நாலு ஆடு வாங்கினால் காட்டுக்குச் சுமை கூடுகிறது. ஆகவே புதுத் தொழிலுக்கான ஆள், மாதம், நாளின் நேரம் மூன்றும் பழைய தொழிலுடன் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தேன் எடுக்கும் மாதங்களில் வேலை தராத தொழில், தேன் எடுப்பதைக் குறைக்காது. அதேபோல, காட்டுப் பொருளுக்கு நல்ல விலை வாங்கித் தருவது நல்ல காரியம்தான். ஆனால் எடுக்கும் அளவுக்கு உச்சவரம்பு இல்லாமல் விலையை ஏற்றினால், இதுவரை வராதவர்களும் காட்டுக்குள் வருவார்கள். வரம்பு முதலில், விலை பிறகு.

சுற்றுலாவை மட்டும் நம்பி நிதியைக் கட்டாதீர்கள். 2020இல் பயணங்கள் நின்றபோது அதை நம்பிய காப்பகங்கள் காவலருக்குச் சம்பளம் கொடுக்கவே திண்டாடின. வீட்டில் விருந்தினரைத் தங்கவைக்கும் திட்டம் என்றால் வீடுகள் முறைவைத்து மாற வேண்டும்; இல்லாவிட்டால் சாலையோரப் பெரிய வீடே எல்லாரையும் எடுத்துக்கொள்ளும்.

விலங்குச் சேதம்

தடுப்பு முதலில், ஈடு பிறகு. பனிச்சிறுத்தை உலாவும் மலைகளில் கற்சுவர்ப் பட்டி போதாது. மேலே திறந்திருந்தால் சிறுத்தை உள்ளே குதித்து, வெளியேற வழி தெரியாமல் ஒரே இரவில் பல ஆடுகளைக் கொன்றுவிடும். கூரைமேல் கம்பிவலை, இடைவெளியில்லாத கதவு, சிறிய காற்றுத்துளை இவை மூன்றும் இருந்தால் அந்தப் பேரிழப்பு நிற்கும். மேய்ச்சலில் ஒன்றிரண்டு போவதை இது தடுக்காது என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

யானைக்குத் தேனீ வேலி கென்யாவில் நன்றாக வேலை செய்தது. 10 மீட்டருக்கு ஒன்றாகப் பெட்டியும் வெறும் பலகையும் மாறிமாறித் தொங்கும். 100 மீட்டருக்கு ஐந்து பெட்டி, ஐந்து பலகை. எல்லாவற்றையும் ஒரே கம்பி இணைக்கும். யானை கம்பியைத் தள்ளினால் பெட்டி ஆடித் தேனீ கிளம்பும். பெட்டி காலியாக இருந்தால் இது வெறும் கயிறு. பக்கத்தில் தண்ணீரும் பூவும் வேண்டும், நிழல் வேண்டும். ஆசியத் தேனீ ஆப்பிரிக்கத் தேனீ அளவுக்குச் சீறாது; ஆகவே ஒரு வயலில் சோதித்துவிட்டு விரிவாக்குங்கள். மிளகாய் பூசிய கயிறு மலிவு, ஆனால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மறுபடி பூச வேண்டும். ஊர் கைவிடுவது பெரும்பாலும் அங்கேதான்.

ஈட்டை இலவசமாக அல்லாமல் காப்பீடாக நடத்துங்கள். மாட்டுக்காரரும் ஒரு சிறு தொகை கட்டினால்தான் பொய்க்கணக்கைப் பக்கத்து வீட்டுக்காரரே கேள்வி கேட்பார். நிபந்தனை: இரவில் பட்டியில் அடைத்திருக்க வேண்டும், கைவைக்கக் கூடாத பகுதியில் மேய்ந்தது என்றால் ஈடு இல்லை. தகவல் 24 மணி நேரத்தில், பார்வையிடல் 48 மணி நேரத்தில், பணம் 30 நாளில். இந்த மூன்றாவது தேதியைத் தவறவிட்டால், செத்த மாட்டின்மேல் விஷம் தெளிப்பது தொடங்கும். அது சிறுத்தையோடு நிற்காமல் பிணந்தின்னிக் கழுகுகளையும் கொல்லும்.

கண்காணிப்பும் மீறலும்

நமீபியாவின் காப்பகங்களில் ‘நிகழ்வுப் புத்தகம்’ என்றொரு முறை உண்டு. காவலர் பார்த்ததை உடனுக்குடன் குறிப்பது மஞ்சள் நிலை. மாதத்துக்கொரு முறை தொகுப்பது நீல நிலை. ஆண்டுப் போக்கைக் காட்டுவது சிவப்பு நிலை. எண்ணைப் படிப்பதை விடக் கட்டம் நிரப்பிப் பார்ப்பது எளிது. ‘போன வருடம் ஆறு கட்டம், இந்த வருடம் பத்து’ என்று ஊரே சொல்லும். தகவல் ஊரிலேயே இருக்கும், அலுவலகத்துக்கு நகல் மட்டும் போகும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், ஆறு மாதத்தில் புத்தகம் தூசி படியும். எத்தனை மணி நேரம் தேடி எவ்வளவு கிடைத்தது என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். மொத்த அளவு அதேயாக இருந்து நேரம் கூடினால், சரிவு தொடங்கிவிட்டது.

பொதுவளங்களை மக்களே நிர்வகிப்பது பற்றி ஆராய்ந்து 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், நீடிக்கும் அமைப்புகளில் தண்டனை படிப்படியாக ஏறுவதைக் கவனித்தார். முதல் முறை கூட்டத்தில் எச்சரிக்கை. இரண்டாம் முறை சிறு அபராதம், எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தல். மூன்றாம் முறை ஒரு பருவம் அனுமதி ரத்து. எடுத்த எடுப்பிலேயே பெரிய அபராதம் என்று எழுதினால் யாரும் யாரையும் பிடித்துக் கொடுக்கமாட்டார்கள். அபராதத்தில் காவலருக்குப் பங்கு கொடுக்காதீர்கள், பொய்வழக்கு பெருகும்; ரசீது போட்டு நிதியில் சேருங்கள். முதலில் பிடிபடுபவர் குழுத் தலைவரின் உறவினராக இருந்தால் அந்த விசாரணையைத் திறந்த கூட்டத்தில் நடத்துங்கள். ஊர் அதைப் பார்த்துத்தான் விதியை நம்புவதா என்று முடிவு செய்யும்.

வறட்சி ஆண்டுக்குத் தனிப்பிரிவு எழுதி வையுங்கள்: மூடிய மேய்ச்சலில் எந்தப் பகுதி, எத்தனை வாரம், எந்தக் குடும்பங்களின் கால்நடைக்குத் திறக்கும், யார் அறிவிப்பார். எழுதாமல் விட்டால் அந்த ஆண்டு எல்லாமே திறந்துவிடும், மறுபடி மூட யாராலும் முடியாது. ஒப்பந்தத்தை முதல் ஆண்டு முடிவிலும், பிறகு மூன்று ஆண்டுக்கொரு முறையும் திருத்த வேண்டும். வெளிப்பணம் எந்தத் தேதியில் நிற்கும், அதன்பின் காவலர் சம்பளம் எந்த வரவிலிருந்து வரும் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.